நீரின் நிறமும் பொய்யிரையின் நிறமும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என மலர்க்குழுவினர் பணித்தபோது, நான் இலக்கியப் பொருளொன்றனையே எடுத்துக்கொள்வேன் என அவர்கள் எதிர்பார்த்திருப்பர். இலக்கணமும் இலக்கியமும் கற்பித்து வருபவன் தூண்டில் மீனைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பைத் தரலாம். சைவ அன்பர் சிலருக்கு முகச்சுளிப்பையே தரலாம். நானும் மரக்கறி உண்பவனே. தூண்டிற்கோல் ஒன்றை இன்றுவரை கையிலெடுத்து வீசியவனல்லன். ஆயினும் 2023ஆம் ஆண்டுக் கோடையில், கனடா நாட்டின் ஒன்ராறியோ மாகாணத்து ஏரிகளில், சிறு வள்ளம் ஒன்றின் பின்பலகையில் அமர்ந்து கண்டவையும் கேட்டவையும் நிறம் என்பது யாது என்னும் வினாவை என்னுள்ளே எழுப்பிவிட்டன. வகுப்பறையில் நிறப்பண்புப் பெயர்களுக்கு எத்தனையோ முறை எடுத்துக்காட்டுக் கூறியிருக்கிறேன். அவ்வினா அங்கு எழுந்ததில்லை.

என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த தோழர் ஒருவர் 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின் பின் நாட்டை விட்டு நீங்கி, ரொறன்ரோ நகரின் ஸ்காபறோப் பகுதியிற் குடியமர்ந்தார். அவர் என்னை ஆறு வாரம் தம் இல்லத்தில் வந்து தங்குமாறு அழைத்தார். அழைப்பில் ஒரு வேண்டுகோளும் இருந்தது. அவருடைய மகனுக்கு வயது பதினாறு. வீட்டிலே தமிழைக் கேட்டு விளங்கிக்கொள்வான், பேச மாட்டான். தந்தையோ இரவு வேலை செய்பவர். தந்தை உறங்கும்போது மகன் பள்ளியில். மகன் உறங்கும்போது தந்தை தொழிற்சாலையில். "மச்சான், நீ வந்தாலாவது இவன் நாலு சொல்லுப் பேசுவான்" என்று தொலைபேசியிற் கூறியபோது அவருடைய குரல் தளர்ந்திருந்தது.

நான் கொண்டுசென்ற பாடநூல்களை அப்பிள்ளை மரியாதையோடு வாங்கி மேசைமேல் வைத்தான். அவை அங்கேயே இருந்தன. ஒரு கிழமை கழிந்தது. நான் கேட்டதற்கெல்லாம் "ஓம்" அல்லது "இல்லை" என்னும் இரண்டிலொன்றே விடையாக வந்தது. பின்னர் ஒருநாள் வீட்டின் நிலவறையிலே அவன் ஒரு பெட்டியைத் திறந்துவைத்து, அதன் முன் தவமிருப்பவன் போல அமர்ந்திருக்கக் கண்டேன். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வளையற்கடைக்காரர் பரப்பிவைக்கும் பண்டங்களைப் போல அப்பெட்டியினுள் நூற்றுக்கு மேற்பட்ட சிறு பொருள்கள் நிறம் நிறமாகக் கிடந்தன. மீனுருவில் அமைந்த மரத்துண்டுகள், மென்பிளாஸ்ரிக் புழுக்கள், தும்புக்கற்றை போன்ற குஞ்சம் கட்டிய தூண்டில்கள், சுழலும் தகடுகள். உண்மை இரை ஒன்றுமில்லை. யாவும் மீனை ஏமாற்றச் செய்தவை. நாங்கள் அவற்றுக்குப் பொய்யிரை என்று பெயரிட்டோம். 'நாங்கள்' என்று எழுதுகிறேன். ஏனெனில், பெட்டியிலுள்ளவற்றை எனக்குத் தமிழிற் சொல்லித் தந்தால் நானும் அவனோடு ஏரிக்கு வருவேன் என்று அன்று ஓர் உடன்படிக்கை செய்துகொண்டோம்.

அவன் தேடியது பாஸ் என்னும் நன்னீர் மீன். நம்மவர் பலர் ஆங்கிலத்தில் 'பாஸ்' என்றதும் நமது கொடுவாவை நினைப்பர். அது வேறு, இது வேறு. இது வட அமெரிக்க ஏரிகளுக்குரியது. உடல் பச்சை, பக்கவாட்டிற் கரிய பட்டை, வாய் திறந்தால் ஒரு கைம்முட்டி புகும். பாசிக்குள்ளும் மரக்குற்றிகளின் நிழலிலும் அசையாது நின்று, அருகே வருவதைச் சட்டென வாய்க்குள் இழுத்துவிடும். கண்ணால் வேட்டையாடும் மீன் இது. ஆதலாற்றான் நிறம் பற்றிய இத்தனை ஆராய்ச்சி.

நிறங்களுக்குப் பெயரிட்ட கதை தனியே சொல்லத் தக்கது. கரும்புள்ளி தெளித்த மங்கிய பச்சைப் புழு ஒன்றை எடுத்து, ஆங்கிலப் பெயரை மொழிபெயர்த்து, "பச்சைப் பூசணி" என்றான். முற்றாத பூசணிக்காயின் தோலைக் கண்டவர்க்கு அப்பெயரிற் குறைகூற இடமில்லை. அடுத்தது வத்தகப்பழத் தோல். மூன்றாவதாக, கத்தரிப்பூ நிறத்திலே பச்சைப் பொடி மினுங்கும் ஒன்றை எடுத்து, "ஜூன் மாத வண்டு" என்றான். கோடையில் வெளிப்படும் வண்டொன்றின் பெயராம். நான் அதனை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்து, "இது பொன்வண்டு" என்றேன். பொன்வண்டென்றால் என்ன என்று அவன் கேட்டான். நெருப்புப்பெட்டிக்குள்ளே இலை வைத்துப் பொன்வண்டு வளர்த்த நம் இளமைக்காலத்தைக் கூறினேன். "அப்பாவும் வளத்தவரோ?" "உன் அப்பாவிடம் இரண்டு இருந்தன. கணித பாடவேளையில் ஒன்று பறந்து போய்விட்டது." அன்றுதான் அவன் சிரித்து நான் முதன்முதலிற் கண்டேன்.

மிகவும் இடர்ப்படுத்தியது 'சாற்றூஸ்' என்னும் நிறம். பிரான்சு நாட்டுத் துறவிகள் வடித்த மது ஒன்றின் பெயரால் வழங்குவது, மஞ்சளுமன்று, பச்சையுமன்று. கிளிப்பச்சை என்றேன், அவன் கிளியின் படத்தைக் காட்டி மறுத்தான். எலுமிச்சை என்றேன், அது மஞ்சள் என்றான். ஈற்றில், இன்னும் விரியாத வாழைக்குருத்து என் நினைவுக்கு வந்தது. அவன் வாழைக்குருத்தைக் கண்டவனல்லன். ஆயினும் என் சொல்லை நம்பி ஏற்றுக்கொண்டான்.

இத்தனை நிறங்களும் யாருக்காக உண்டாயின? அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலே ஜேம்ஸ் ஹெடன் என்பார் 19ஆம் நூற்றாண்டின் இறுதிக் காலத்திற் பொழுதுபோக்காகச் சீவிய மரத்துண்டு ஒன்றைக் குளத்தில் எறிய, அதனை ஒரு பாஸ் பாய்ந்து கவ்விற்று என்பது அத்தொழிலின் தோற்றக் கதை. அவர் தவளையுருவிற் கையாற் செதுக்கிய மரப் பொய்யிரைகள் இன்று அரும்பொருட் சேகரிப்போர் போற்றுவன. 1949ஆம் ஆண்டில் ஓகையோ மாநிலத்து அக்றன் நகரிலே நிக் கிறீம் என்பவரும் அவர் மனைவியும் மென்பிளாஸ்ரிக்கில் மண்புழுவை வார்த்தெடுத்தனர். மரத்துக்கு நிறந்தீட்ட உழைப்பு வேண்டும்; பிளாஸ்ரிக்கிற் சாயத்தைக் கலந்துவிட்டாற் போதும். அதன் பின் நிறங்கள் பெருகின. புழு மண்ணிறமாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணமும் போயிற்று. கடைகளில் தொங்குவனவற்றுட் பல, மீனின் கண்ணுக்கு முன்னர் வாங்குவோர் கண்ணைப் பிடிக்கவே நிறம் பூண்டன என்பது என் துணிபு. மாறாக, உலகிற் பிடிபட்ட மிகப் பெரிய பாஸ் என நெடுங்காலம் தனித்து நின்றது, 1932ஆம் ஆண்டு ஜோர்ஜியா மாநிலத்தில் ஜோர்ஜ் பெரி என்னும் இளைஞர் பிடித்த 22 இறாத்தல் 4 அவுன்சு மீன். (2009இல் யப்பானின் பீவா ஏரியிற் பிடிபட்டது ஒன்று அதனோடு சமநிலை பெற்றது.) பெரியிடம் அன்று இருந்தது ஒரே ஒரு பொய்யிரை என்பர். தெரிவு செய்யும் துன்பம் அவருக்கு இருக்கவில்லை.

இக்கதையை நான் கூறியபோது பிள்ளை சற்றும் அசையவில்லை. "மாமா, அண்டைக்கு அந்தத் தண்ணிக்கு அந்த நிறம் சரியா இருந்திருக்கும்" என்றான்.

நாங்கள் முதலிற் சென்றது ஸ்கூகொக் என்னும் ஏரி. ரொறன்ரோவுக்கு வடகிழக்கே உள்ளது. தோழரின் மைத்துனர் வண்டியையும் வள்ளத்தையும் செலுத்துவார். வள்ளம் நின்றதும் தொப்பியை முகத்தின்மேல் வைத்து உறங்கிவிடுவார். அவ்வேரி 1830களில் லின்சி என்னுமிடத்தில் ஆலையொன்றுக்காக அணை கட்டியபோது, தாழ்நிலம் நீருள் ஆழ்ந்து இன்றைய பரப்பைப் பெற்றது. பரப்புப் பெரிது; ஆழம் சிறிது. காற்று அடித்தால் அடிச்சேறு கிளம்பிவிடும்.

அங்கே அவன் பெட்டியைத் திறக்கவில்லை. நான் திறக்கப் போனபோது, "தண்ணியைப் பாக்காமல் பெட்டியைத் திறக்காதேங்கோ, மாமா" என்று தடுத்தான். பின்னர் வெள்ளைப் பொய்யிரை ஒன்றை நூலிற் கட்டி, வள்ளத்தின் நிழற்பக்கமாக மெல்ல இறக்கினான். அது கண்ணுக்கு மறைந்த இடத்தில் நூலைப் பிடித்து, மேலே இழுத்துத் தூண்டிற்கோலோடு ஒப்பிட்டு அளந்தான். ஈரடி. இம்முறையை அவனுக்கு யார் கற்பித்தார் என்று கேட்டேன். தானே செய்வதாகக் கூறினான். 1865ஆம் ஆண்டில் இத்தாலிய வானியலறிஞரும் துறவியுமான அங்கெலோ செக்கி என்பார் மத்தியதரைக் கடலில் வெண்டட்டு ஒன்றை இவ்வாறே இறக்கி நீரின் தெளிவை அளந்தார். ஏரி ஆய்வாளர்கள் இன்றும் கருமையும் வெண்மையும் தீட்டிய வட்டத்தட்டைக் கொண்டு அம்முறையையே கையாளுகின்றனர்.

ஈரடி நீருக்கு அவன் தெரிந்தெடுத்தது கருமையும் நீலமும் கலந்த குஞ்சத்தூண்டில். இருண்ட நீரில் இருண்ட பொருளை இடுவது எனக்கு விளங்கவில்லை, வெள்ளையன்றோ புலப்படும்? அவன் விளக்கினான். கலங்கிய நீர் இருள் அன்று. சேற்றுத் துகள்கள் ஒளியை நாற்புறமும் சிதறச் செய்வதால் அது மங்கிய மஞ்சள் ஒளிப்படலம். மூடுபனியில் வெள்ளாடை உடுத்தவன் மறைந்துபோவான். கறுப்புக் குடை பிடித்தவன் தெரிவான். இவ்வுவமை என்னுடையது, அவன் கூறியது, "வெளிச்சத்துக்கு எதிரா நிண்டால் கறுப்புத்தான் வடிவாத் தெரியும்." அத்தகைய நீரில் நிறத்தினும் அசைவே மேல் என்றும் அவன் கூறினான். மீனின் உடலோரமாகச் செல்லும் நுண்ணுணர்வுக் கோடு நீரின் அதிர்வை உணரும். ஆதலால் அங்கே பெரிய உருவும் நீரை உதைக்கும் அசைவும் வேண்டும். கருமை அவ்வுருவை மீனுக்கு வரைந்து காட்டினாற் போதும்.

கருமையோடு நீலம் ஏன் என்பது அடுத்த வினா. அதற்கு அவன் தன் கைத்தொலைபேசியிற் காட்டிய ஆய்வுகள் சுவையானவை. 1937ஆம் ஆண்டிலேயே இலினோய் மாநிலத்தில் பிராங் பிறவுன் என்பார் பாஸ் மீன்களுக்கு நிறங்களைக் காட்டிப் பழக்கி, அவற்றின் நிறக்காட்சி மஞ்சட்கண்ணாடி அணிந்த மனிதன் காண்பதை ஒத்தது என்னும் முடிவுக்கு வந்தார். 2019இல் வெளியான, அதே மாநிலத்து ஆராய்ச்சியாளர் சிலரின் ஆய்வு மேலும் நுணுகிச் சென்றது. மனிதர் கண்ணில் நிறமுணரும் கூம்புக்கலங்கள் மூவகை. பாஸின் கண்ணில் இருவகையே; ஒன்று பச்சையையும் மற்றையது சிவப்பையும் நன்குணரும். நீலத்துக்கென ஒன்றில்லை. குறித்த நிறத்தை அணுகினால் உணவு கிடைக்கும் என்று மீன்களைப் பழக்கியபோது, சிவப்புக்கும் பச்சைக்கும் பழகியவை பெரிதும் பிழைக்கவில்லை. நீலத்துக்குப் பழகியவை கருமையையும், வாழைக்குருத்து நிறத்துக்குப் பழகியவை வெண்மையையும் நாடிச் சென்றன.

இதனைக் கேட்டதும் என் மனம் ஏரியை விட்டு வேறெங்கோ சென்றது. நஞ்சுண்ட இறைவனின் மிடற்றை நாம் நீலகண்டம் என்கிறோம். காளகண்டம் எனவும் சொல்கிறோம். காளம் என்பது கருமை. திருமாலைக் கார்வண்ணன் என்பர், நீலவண்ணன் என்பர், பச்சைமால் என்றும் பாடுவர். நம் முன்னோர்க்கு நிறம் பிரித்தறியத் தெரியாமலா இவ்வாறு வழங்கினர்? இருண்டு ஆழ்ந்த நிறங்களையெல்லாம் ஒரே குடும்பமாகக் கண்டனர் போலும். அதனை அப்பிள்ளைக்குக் கூறினேன். "அப்ப பாஸும் தமிழோ?" என்று கேட்டான். பதில் சொல்லத் தெரியாது நான் மீசையைத் தடவிக்கொண்டேன். அவ்வேளையிலே நூல் இழுபட்டது.

மூன்று இறாத்தல் இருக்கும் அம்மீன். நீரின் மேலெழுந்து தலையை உதறிற்று. அவன் அதன் கீழுதட்டைப் பெருவிரலாற் பற்றி, கொளுக்கியைக் கழற்றி, ஒரு கணம் நோக்கிய பின் நீரில் விட்டான். தின்னாத மீனைப் பிடிப்பானேன் என்று கேட்டேன். "அது என்ன பாக்குது எண்டு அறியத்தான்" என்றான். இவ்விடையால் என் மனம் முற்றும் அமைதியுற்றது எனக் கூற மாட்டேன். கொளுக்கி குத்துவது குத்துவதே. கறிக்குப் பிடிப்பவனுக்குப் பசி என்னும் நியாயமாவது உண்டு. எனினும் ஓர் உயிரின் கண்ணுக்குள் புகுந்து நோக்க விரும்பும் பதினாறு வயதுப் பிள்ளையை நான் நம் நாட்டிலும் அதிகம் கண்டதில்லை.

நண்பகலில் வெயில் ஏறியதும் வாழைக்குருத்து நிறத்துக்கு மாறினான். மீனுக்கு அது வெண்மை போலத் தோன்றுமாயின் வெள்ளையையே இடலாமே என்றேன். அதில் ஒரு நுட்பம் உண்டு. அச்சாயம் சாதாரண சாயமன்று. நீல ஒளியை உட்கொண்டு மஞ்சட்பச்சையாக வெளிவிடும் ஒளிர்சாயம். பச்சை கலந்த கலங்கல் நீரிலே வெள்ளைத்துணி அழுக்கேறிப் போகும். இச்சாயமோ ஒளிபெற்றே நிற்கும்.

றைஸ் ஏரி பீற்றர்பரோ நகருக்குத் தெற்கே உள்ளது. நெல்லேரி என மொழிபெயர்க்கலாமாயினும் நம் நெல் அன்று; நீரிலே தானாக விளையும் காட்டரிசி. அனிஷினாபே என்னும் பழங்குடியினர் அதனை மனூமின் என்று போற்றுவர். அவ்வேரியிலே கோடையிற் பாசி அடர்ந்து, நம் கடற்கரைச் சாதாழைப் படுக்கைகளை நினைவூட்டும். அங்கே வெள்ளை ஐந்தடிக்குக் கீழே மறைந்தது. ஆகவே பூசணித்தோலும் வத்தகத்தோலும். தெளிவு கூடக் கூட நிறம் அடங்க வேண்டும் என்பது அவனுடைய விதி. தெளிந்த நீரில் மீன் பார்ப்பதற்கு நேரம் பெறுகின்றது, பளபளப்பது அதனை வெருட்டும். மஞ்சட்பச்சை உடலிற் கருங்கோடுகள் தாங்கிய பேர்ச் என்னும் சிறு மீன் அங்கு ஏராளம். பாஸுக்கு அது விருப்பமான உணவு. அதன் நிறத்தைப் போலி செய்த பொய்யிரை ஒன்றும் வைத்திருந்தான். அதையே மிகைப்படுத்திச் செம்மஞ்சளும் கிளிப்பச்சையும் பூசிய வேறொன்றுக்கு 'தீப்புலி' என்று பெயர். அவன் அதனைக் கலங்கல் நாளுக்கென ஒதுக்கியிருந்தான். வெயிலுக்கு வெள்ளித்தகடு, முகிலுக்குப் பொற்றகடு என்னும் வழக்கும் அங்கு தூண்டிற்காரரிடையே உண்டு. அதனை நாங்கள் மாற்றி மாற்றிப் பார்த்தோம். எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

வடக்கே ஹலிபேட்டன் பகுதியில் ஓர் ஏரிக்கு இருநாள் சென்றிருந்தோம். அங்கே கருங்கற் பாறைகளும் ஊசியிலைக் காடுகளும் சதுப்புகளும் உள்ளன. இலைகளும் மரங்களும் உக்கி ஊறிய நீர், பால் கலவாத தேநீரைப் போன்றிருந்தது. கலங்கலில்லை, ஆனால் நிறமுண்டு. எனக்கு மிகவும் பயன்பட்ட பாடம் அங்கேதான் கிடைத்தது. நீரினுள் முதலில் மறைவது சிவப்பு, கடைசியில் மறைவது நீலம் என்பதைத் தூண்டில் நூல்கள் பலவும் மனப்பாடமாக ஒப்பிக்கும். நான் விஞ்ஞானப் பாடத்திலும் அவ்வாறே படித்தேன். அது தெளிந்த கடலுக்குப் பொருந்தும். பிள்ளை ஒரே நூலிற் சிவப்பொன்றையும் நீலமொன்றையும் அருகருகே கட்டி அத்தேநீர் நிற நீரில் இறக்கினான். சில அடிக்குள்ளேயே நீலம் கரியாயிற்று; சிவப்போ செங்கல் நிறமாய் மங்கியும் சிவப்பாகவே தெரிந்தது. உக்கிய இலைச்சாறு நீலத்தை முதலில் விழுங்கிவிடுகின்றது. நீலம் எட்டாத நீரிலே வாழும் மீனுக்கு நீலமுணரும் கூம்பு இல்லாமையும், சிவப்பும் பச்சையும் உணரும் கூம்புகள் இருத்தலும் எவ்வளவு பொருத்தம்! சூத்திரம் எந்நிலத்துக்கு எழுந்தது என்று நோக்காது எங்கும் பொருத்தும் வழக்கம் இலக்கண மாணாக்கரிடம் மட்டும் உள்ளதன்று என எண்ணிக்கொண்டேன். அன்று அவன் இட்டது செங்கல் நிற நண்டுரு. அங்கு நீர்க்கற்களின் கீழே வாழும் நன்னீர்ச் சிங்க இறாலின் போலி.

நிறத்தை அறிவதற்குக் கருவியும் செய்து பார்த்திருக்கிறார்கள். ஒக்லஹோமாப் பல்கலைக்கழக விலங்கியற் பேராசிரியர் லோறன் ஹில் என்பார் வகுத்த கருவி ஒன்று 1980களில் அமெரிக்காவிற் பெருவிற்பனையாயிற்று. நீருள் ஓர் உணரியை இறக்கினால், அவ்வாழத்துக்கும் ஒளிக்கும் ஏற்ற நிறத்தை முள் காட்டும். சில ஆண்டுகளில் அதன் புகழ் மங்கிவிட்டது. வெள்ளைப் பொய்யிரையை நூலில் இறக்கும் நம் பிள்ளையின் முறையும் ஏறக்குறைய அதையே செய்கின்றது, செலவில்லை.

ஆறாவது கிழமையிலே தோழர் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடுப்பெடுத்துக்கொண்டு எங்களோடு சிம்கோ ஏரிக்கு வந்தார். அது வேறுவகை நீர். காஸ்பியன், கருங்கடற் பகுதிகளுக்குரிய வரிக்குதிரைச் சிப்பி என்னும் சிறு சிப்பி, கப்பல்களின் பாரநீரோடு வந்து, 1988இல் வட அமெரிக்கப் பேரேரிப் பகுதியில் முதன்முதலிற் கண்டறியப்பட்டது. 1990களில் சிம்கோவையும் அடைந்தது. விரனுனியளவான அச்சிப்பி ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர் நீரை வடிகட்டும். கோடிக்கணக்கிற் பெருகின, நீர் கண்ணாடியாயிற்று. தந்தையர் காலத்துப் பெட்டியிலிருந்த நிறங்கள் பல அங்கு மக்களுக்கு உதவவில்லையாம். வெள்ளைப் பொய்யிரையை இறக்கினோம். கொண்டுசென்ற அளவுக்கு நூல் முழுவதும் இறங்கியும் அது மறையவில்லை.

தோழர் பெட்டியுள் கையிட்டுத் தீப்புலியை எடுத்தார். "இது நல்ல வடிவாயிருக்கு" என்றார்.

"அப்பா, அது உங்களுக்கு வடிவு. முதல்லை தண்ணியைப் பாருங்கோ" என்றான் மகன்.

தோழர் என் முகத்தைப் பார்த்தார். நான் நீரைப் பார்த்தேன். பிள்ளை தொடர்ந்து பேசினான். தெளிவு, ஆழம், வெயில், மீனின் கண்ணிலுள்ள இருவகைக் கூம்பு, நீலமும் கருமையும், தேநீர் ஏரியிற் சிவப்பு. சொல் தடைப்பட்ட இடங்களில் என்னைப் பார்ப்பான். நான் ஒரு சொல் எடுத்துக் கொடுப்பேன். அரை மணி நேரமிருக்கும். பதினாறு ஆண்டுகளிற் கேட்டதை விட மிகுதியாக அன்று தம் மகனிடமிருந்து தமிழ் கேட்டதாகத் தோழர் பின்னர் கூறினார். அதைக் கூறியபோது வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே மீண்டும் துடைத்தார்.

பகலில் ஒன்றும் அகப்படவில்லை. புகைநிறத்து மெல்லிய பொய்யிரையைக்கூட மீன்கள் பின்தொடர்ந்து வந்து, ஒரு முழத்தில் நின்று நோக்கித் திரும்பிப் போயின. அவை திரும்புவதை மேலிருந்து கண்ணாற் கண்டோம். அந்தி சாயத் தொடங்கிற்று. அவ்வேளையில் மீனின் கண்ணுக்குள்ளும் மாற்றம் நிகழ்கின்றது. நிறமுணரும் கூம்புகள் பின்வாங்க, மங்கலொளியில் உருவை மட்டும் உணரும் கோல்கள் முன்வருகின்றன. நிறம் அற்றுப்போகும், உருவமே மிஞ்சும். கீழிருந்து மேல்நோக்கும் மீனுக்கு வானத்தின் எஞ்சிய ஒளியே பின்திரை.

"இப்ப கறுப்பு" என்றான் பிள்ளை. நீர்மேல் மிதந்து சலசலக்கும் கரிய பொய்யிரை ஒன்றைத் தந்தையின் நூலிற் கட்டினான். தோழர் அதனை வாங்கும்போது பெட்டியின் ஓர் அறையிற் கிடந்த கத்தரிப்பூ நிறப் புழுவைக் கண்டு, "இது என்ன நிறம்?" என்றார். "பொன்வண்டு. உங்களட்டை ரெண்டு இருந்ததாம். ஒண்டு கணக்குப் பாடத்திலை பறந்து போச்சாம்." தோழர் வெகுநேரம் சிரித்தார். மற்றையது என்னவாயிற்று என்பதை மகனுக்குச் சொல்லத் தொடங்கினார். அக்கதையிலே வாத்தியார் வந்தார், பிரம்பு வந்தது, 1995ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்து இரவில் வீட்டைப் பூட்டிவிட்டு நடந்ததும் வந்தது. வீட்டிலே விட்டுப்போன நெருப்புப்பெட்டியும் வந்தது. நானும் அறியாத பகுதி அது. மைத்துனர்கூட விழித்துக்கொண்டார். கதை முடியுமுன்னே கரிய பொய்யிரையை நீர் பிளந்து ஒரு மீன் கவ்விற்று. தோழர் பதறினார்; பிள்ளை அவர் கைமேல் கைவைத்து, "மெல்ல, அப்பா, மெல்ல" என்றான். கீழுதட்டைப் பற்றும் முறையையும் அவனே காட்டினான். தோழர் மீனைச் சிறிது நேரம் கையிற் பிடித்திருந்தார். கறிக்காகும் என்று அவர் சொல்வார் என நான் எதிர்பார்த்தேன். அவர் ஒன்றும் கூறாமற் குனிந்து அதனை நீருள் விட்டார்.

சென்ற தைப்பொங்கலன்று அப்பிள்ளை எனக்கொரு படம் அனுப்பியிருந்தான். பெட்டியின் அறைகள் ஒவ்வொன்றிலும் சிறு கடதாசி ஒட்டி நிறப் பெயர்களைத் தமிழில் எழுதியிருந்தான். பூசணித்தோல், வத்தகத்தோல், செங்கல், புகை, கறுப்பு. 'வாளைக்குருத்து' என்று ளகரமிட்டிருந்ததை மட்டும் திருத்தி மறுமொழி எழுதினேன். பொன்வண்டு என்னும் கடதாசியில் எழுத்துப் பிழை இல்லை. அது வேறு கையெழுத்து. ஐந்து ஆண்டுகள் ஒரே வாங்கில் என் பக்கத்திலிருந்து எழுதிய கை.